வெள்ளைக்குள்ளே

கிரேயான் கறை வெறும் பெயிண்டுக்கு அடங்காது. மேலே எத்தனை கோட் அடித்தாலும் மெழுகு மெல்லத் தலையைக் காட்டிவிடும். அதனால் பெயிண்டர் முதலில் சுவரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். பிரைமர் அடித்துக் காயவிட்டான். அதன் பிறகுதான் வெள்ளையைத் திறந்தான். குடிவந்த நாளிலிருந்து அழுது வடிந்துகொண்டிருந்த சுவர் அது. அடுத்தவர் வீட்டுச் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறவன், தன் வீட்டுச் சுவரை அன்றைக்குத்தான் கைவைத்துப் பார்த்தான்.

தங்கை மகள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. வீட்டில் மிளகு. தங்கை வைத்தது. ஆள் பொடிசு, கடித்தால் தெரியும் என்பாள். ஜன்னலில் தொடங்கி கதவு வரை, மிளகின் கை எட்டும் உயரத்துக்குக் கீழே, சுவரில் இடம் பாக்கி இல்லை. ஒரு பேருந்து. கால்கள் அதிகமான பூனை. வாளியுடன் ஓர் ஆள். பூனைக்குப் பக்கத்தில் ஒரு பெண். அவள் கைகள் மட்டும் பேருந்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

உருளை அந்தக் கைகளின் மேல் ஏறியபோது மிளகு கேட்டாள்.

"மாமா, அது போயிடுமா?"

"போகாது. உள்ள இருக்கும்."

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னான்.

கூட வேலை செய்கிற நெட்டை, மூட்டை கட்ட ஒரு சாக்குடன் வந்தான். வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சினான்.

"என்ன மச்சான், மந்திரி யாராச்சும் வர்றாரா?"

"மந்திரி வந்தா எனக்கென்ன பயம். வந்தமா, கையைக் காட்டினமான்னு போயிடுவாரு."

"அதுவும் சரிதான். வீடு பாக்க வர்ற ஆபீசரம்மா கட்டிலுக்கு அடியிலயும் குனிஞ்சு பாக்கும்னு சொல்றாங்க. பழசு எதுவும் கண்ணுல படக் கூடாது, ஆமா. எல்லாத்தையும் எடு. நம்ம வீட்டுல போட்டு வைக்கிறேன்."

அப்படித்தான் மிளகின் தேய்ந்த செருப்பு, ஒரு காது போன துணிமுயல், முழங்காலில் ஒட்டுப்போட்ட கால்சட்டை, விளிம்பு நசுங்கிய தட்டு, தலையணை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் சாக்குக்குள் போயின. நெட்டை அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினான். மிளகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, சாக்கு தெருத் திரும்பும் வரை பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் பெயிண்டர் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பான்.

பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை வளர்க்கும் சொந்தக்காரர்களுக்கு அரசாங்கம் உதவி தருகிறது என்று பள்ளிக்கூடத்து டீச்சர்தான் சொன்னார். அவன் கைநீட்டிப் பழகாதவன். முதலில் வேண்டாம் என்றான். காசுக்காக இல்லை, பிள்ளைக்குப் பொறுப்பு நீங்கள்தான் என்று கூடவே ஒரு உத்தரவு தருவார்கள், அதற்காக என்றார் டீச்சர். அது அவனுக்கு உறைத்தது. போன மழைக்கு மிளகுக்குக் காய்ச்சல் கண்டபோது, ஆஸ்பத்திரியில் நர்ஸ் தலையைத் தூக்காமல் "நீங்க யாரு?" என்று கேட்டிருந்தார். மாமா என்றான். "அது தெரியுது. பொறுப்பு யாரு?" என்றார். காய்ச்சலில் கொதிக்கிற பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றான். இப்போது வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். பிள்ளை இங்கேதான் இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று அவர் எழுதினால் மிளகு அவனிடம் இருப்பாள். எழுதாவிட்டால் காப்பகம். டீச்சர் அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார்.

அதிகாரி சனிக்கிழமை காலையில் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மூன்று மாடி ஏறியதில் மூச்சு வாங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலில் சற்று நின்றார்.

"லிஃப்ட் இல்லாத வீடாப் பாத்துத்தான் என்னை அனுப்புறாங்க" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, முழங்காலிடம் சொன்னது போல் இருந்தது. உள்ளே வந்து சுவரைப் பார்த்தார். "புதுசா அடிச்சீங்களா?"

"ஆமாங்க. நானே அடிச்சது."

"நல்லா இருக்கு. ஒரு கோடு தெரியலை."

அவனுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. மிளகு புது கவுனில், நாற்காலியின் நுனியில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். கேட்டால் மட்டும் பதில் சொல், மரியாதையாகச் சொல் என்று காலையிலிருந்து பாடம் நடத்தியிருந்தான். விருந்துக்கு வந்த பிள்ளை மாதிரி இருந்தாள்.

அதிகாரி உள்ளறைக்குப் போனார். கட்டிலில் விரித்த புதுப் போர்வையில் கடைக்காரன் மடித்த மடிப்பு கட்டம் கட்டமாக நின்றது. அலமாரியில் இரண்டு கவுன்கள், உறையோடு. குளியலறையில் பிரஷ், அதுவும் உறையோடு. அவர் எதையும் தொடவில்லை. திரும்பி வந்தார்.

"பாப்பா எப்பவும் போடுற துணி எங்க?"

"நண்பர் வீட்டுல இருக்குங்க."

"விளையாட்டுச் சாமான்?"

"அதுவும் அங்கதாங்க."

"செருப்பு?"

அதற்குள் அவனுக்கே விளங்கிவிட்டது. பதில் ஒவ்வொன்றும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் அத்தனையும் பொய் மாதிரி நின்றது.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. "நாங்க வர்ற அன்னைக்கு மட்டும் பிள்ளையைக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறவங்களை நான் பாத்திருக்கேன். பிள்ளை வேற எங்கயோ யார் வீட்டுலயோ பாத்திரம் கழுவிட்டு இருக்கும். உதவி மட்டும் இங்க வரும். ஒரு பிள்ளை இருக்கிற வீடுன்னா, ஏதாவது ஒண்ணு காலை இடறணும். இங்க ஒண்ணுமே இடறலையே."

சுத்தமாக இருக்கட்டும் என்றுதான் செய்தேன் என்று சொல்ல நினைத்தான். தொழில்காரன் புத்தி, ஒரு சுவரை முடிப்பது போல வீட்டையே முடித்துவிட்டான். வாயில் "இல்லீங்க" என்று மட்டும் வந்தது.

அதிகாரி மிளகின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது யார் வீடு, கண்ணு?"

"மாமா வீடு."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"நீ எங்க இருக்கே?"

மிளகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு பெரியவருக்கு இது தெரியவில்லையே என்று யோசிப்பது போலிருந்தது. பிறகு நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினாள்.

"வாங்க, காட்டுறேன்."

அவரைச் சுவரிடம் கூட்டிப் போனாள். வெள்ளைச் சுவரில், கண்ணால் பிரித்தறிய எதுவுமே இல்லாத ஓர் இடத்தில், தயக்கமில்லாமல் உள்ளங்கையை வைத்தாள்.

"இங்க பஸ். இது பூனை. இது மாமா, வாளி வச்சிருக்காரு. இங்க எங்கம்மா. கை இங்க வரைக்கும் வரும்." விரல் வெள்ளையின் மேல் ஊர்ந்தது. "எல்லாரும் உள்ள இருக்காங்க. மாமா ரெண்டு கோட் அடிச்சிருக்காரு. குளிராது."

அந்தச் சுவரை மூன்று முறை கடந்தவன் அவன். உப்புத்தாளும் பிரைமரும் வெள்ளையுமாக. அவள் விரல் வளைந்த இடத்தில்தான் அந்தக் கை வளைந்தது, நின்ற இடத்தில்தான் நின்றது. அவனுக்குத் தெரியும். அவர்கள் இருவரையும் தவிர இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

மிளகு நிற்கவில்லை. இந்த ஸ்விட்ச் கடிக்கும், குச்சியால் போடணும். இந்தக் கதவை லேசாத் தூக்கித் தள்ளணும், இல்லேன்னா கத்தும். இந்த ஜன்னல்ல சாயந்திரம் ஒரு வெளிச்சம் வரும், எதிர்வீட்டுக் கண்ணாடி அனுப்புறது, கொஞ்ச நேரம்தான், அப்புறம் வேற வீட்டுக்குப் போயிடும். அதிகாரி ஒவ்வொன்றுக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனார். அவனும் போனான், தன் வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவன் போல.

"மாமா இங்க படுப்பாரு. கதவுக்குக் குறுக்கால. தூக்கத்துல பேசுவாரு. 'ஒரு கோட் பத்தாதுங்க, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது'ன்னு."

அதிகாரி சிரித்துவிட்டார். மிளகு சிரிக்கவில்லை.

"எழுந்து வந்து என் மூக்குகிட்ட விரலை வச்சுப் பாப்பாரு. நான் தூங்குற மாதிரியே இருப்பேன். அசைஞ்சா பயந்துடுவாரு."

"எதுக்கு அப்படிப் பாக்குறாரு?"

"எங்கம்மா தூக்கத்துலதான் செத்துப் போனாங்க. நான் பக்கத்துல படுத்திருந்தேன், எனக்குத் தெரியலை." போர்வையின் மடிப்பு ஒன்றை விரலால் நீவினாள். "அவரு போய்ப் படுத்ததும் நானும் போய் அவரைப் பாப்பேன். அவருக்கு மூச்சு சூடா வரும்."

பெயிண்டர் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். ஒரு நாளும் அவன் விழித்ததில்லை. தான்தான் காவல் இருப்பதாக இவ்வளவு நாளும் நினைத்திருந்தான். தன் மூக்கருகே நின்றுவிட்டுத் திரும்பிப் போன அந்தச் சின்ன விரலை நினைக்க அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓர் உயிரை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். அது ஓசைப்படாமல் அவனையும் எடுத்துப் பொறுப்பில் வைத்துக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்றாள் மிளகு. "மாடில. உங்களால ஏற முடியுமா?"

அதிகாரி முழங்காலைப் பார்த்தார். பையை நாற்காலியில் வைத்தார். "முடியும்" என்றார்.

மொட்டை மாடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. நடுவில் இரும்புத் தண்ணீர்த் தொட்டி, ஆளுயரத்துக்கு மேல். அதிலிருந்து குழாய்கள் பிரிந்து, மாடியின் விளிம்பைத் தாண்டிக் கீழே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இறங்கின. அந்தத் தொட்டிக்கு ஒருமுறை அவனே துரு நீக்கித் தார் வண்ணம் அடித்திருக்கிறான். அதற்குக் கூலி பேசியதுதான் அவனுக்கு நினைவிருந்தது.

மிளகு கன்னத்தை இரும்பில் ஒட்டினாள். "இங்க காதை வைங்க. பேசக் கூடாது."

அதிகாரி தலைமுடியை ஒதுக்கிக் காதை வைத்தார். கொஞ்ச நேரம் முகம் மாறவில்லை. பிறகு புருவம் உயர்ந்தது.

"இப்ப கீழ் வீடு, துணி அலசுறாங்க" என்று மிளகு ரகசியம் போலச் சொன்னாள். "இப்ப ரெண்டாவது மாடி. அந்தண்ணன் எப்பவும் லேட்டாத்தான் குளிக்கும். இது பால்காரம்மா வீடு, பாத்திரம் பெருசு, அதான் இவ்வளவு நேரம்."

"தினமும் வருவியா?" அதிகாரியின் குரலும் தாழ்ந்திருந்தது.

"ஸ்கூல் விட்டு வந்ததும். எல்லாரும் இருக்காங்களான்னு பாத்துட்டுக் கீழ போயிடுவேன்."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார். கன்னத்தில் துரு ஒட்டியிருந்தது, துடைக்கவில்லை. கையை நீட்டி, பெயிண்டரையும் வரச்சொல்லிக் காட்டினார்.

அவன் தயங்கித் தொட்டியின் மறுபக்கம் போய்க் காதை வைத்தான். இரும்பு சில்லென்றிருந்தது. முதலில் தன் ரத்தம் ஓடுவதுதான் கேட்டது. அது அடங்கிய பிறகு, எங்கோ ஆழத்தில், தண்ணீர் புரண்டு படுப்பது கேட்டது. பிறகு ஒரு வீடு திறந்தது. பிறகு இன்னொரு வீடு. பெயர் தெரியாத கைகள் முகம் கழுவின, அரிசி களைந்தன, யாருக்கோ ஒரு குவளை நிரப்பின. இத்தனை பேர் தன் காலுக்குக் கீழே மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லியதாக, மற்றவற்றிலிருந்து விலகி, ஒரு சொட்டு விழுந்தது. நின்றது. மறுபடி விழுந்தது.

அது யார் வீடு என்று கேட்க அவன் தலையைத் தூக்கினான். தொட்டியின் வளைவைச் சுற்றி மிளகின் முகம் எட்டிப் பார்த்தது. அவள் உதட்டின் மேல் விரலை வைத்திருந்தாள்.