சிரிப்பு வராத பாட்டு

எங்கள் நாடகப் போட்டி விழாவில் நடுவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. திரை விழுந்ததும் மேடையேற வேண்டும். நடித்தவர்கள் அரிதாரம்கூடக் கலைக்காமல் முதுகுக்குப் பின்னால் நிற்பார்கள். அவர்களுடைய குறைகளை அவர்கள் ஊர்க்காரர்களிடமே சொல்ல வேண்டும். பல வருடங்களாக எனக்கு இதுதான் வேலை. இதுவரை அடி வாங்கியதில்லை.

அன்று வட இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நெசவாலை ஊர் ஒன்றிலிருந்து வந்த குழு, யாரும் நெடுங்காலமாகத் தொடாத நகைச்சுவை இசைநாடகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தது. இடைவேளையில் தேநீர் வரிசையில் இயக்குநர் கிளைவ் ஆர்மரோட் என்னைப் பிடித்துக்கொண்டார். நடுவரிடம் பேசக்கூடாது என்ற விதியெல்லாம் அவர் காதில் ஏறாது.

"அடுத்து கிழவி பாட்டு வருது சார். யாருமே கட்டிக்காத கிழவி. வயித்துல தலகாணி, பல்லுல கறுப்பு மை. கொட்டகையே அதிரும் பாருங்க."

"யாரு பாடுறாங்க?"

"இனிட் தாக்ரே. இத்தன வருஷம் கோரஸ்ல நின்னுச்சு, இப்பதான் தனிப்பாட்டு குடுத்திருக்கேன். சிரிப்பு வரலன்னா மறுபடி கோரஸ்தான்னு கறாரா சொல்லிட்டேன்."

அறுபது தாண்டிய இனிட் மேடைக்கு வந்தபோது தலையணையும் இல்லை, மையும் இல்லை. கிளைவ் பழக்கிவிட்டபடி, கூட நடித்த ஆண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவர்கள் ஓடி முடிக்கும்வரை நின்றுவிட்டுப் பாடத் தொடங்கினார். வார்த்தைகள் பழைய கேலிதான். என்னைப் பெண் கேட்டு மீன்காரன்கூட வரவில்லை என்கிற ரகம். அவரோ அதை நடந்ததைச் சொல்வதுபோலப் பாடினார். கீழ்ச்சுரங்களில் குரல் கொஞ்சம் கரகரத்தது. பின்வரிசையில் ஒருவர் சிரிக்க வாய் திறந்து, அடக்கிக்கொண்டார். நான் மார்க் எழுத மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பேனாவும் கையுமாக உட்கார்ந்திருப்பவனுக்கு இது தேவையில்லாத தொல்லை.

நாடகம் முடிந்ததும் மேடையேறினேன். நாற்காலிகளைச் சும்மாச் சும்மா நகர்த்தியதற்குத் திட்டினேன். வாத்தியக்காரர்களைப் பாராட்டினேன். பிறகு அந்தப் பாட்டுக்கு வந்தேன்.

"இந்த வாரம் நான் கேட்டதுலயே நல்ல பாட்டு இதுதான். பாடினதுக்கு முழு மார்க். ஆனா இது சிரிப்பு நாடகம். ஓடினவங்க ஒரு நாடகம் ஆடுறாங்க, பாடினவங்க வேற நாடகம் ஆடுறாங்க. அதனால மேடையேத்தின விதத்துல அஞ்சு மார்க் கழிக்கிறேன்."

மூன்று மார்க்கில் அவர்களுக்கு இறுதிச் சுற்று தவறிப்போனது.

உள்ளே நடைவழியில், என் கண்ணெதிரே, கிளைவ் இனிட்டை மறித்தார். "எல்லார் உழைப்பையும் நாசம் பண்ணிட்ட. இப்ப திருப்தியா இனிட்?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அடுத்து எனக்கு வசவு விழும் என்று எதிர்பார்த்தேன். இனிட் தொப்பி நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "அஞ்சு சரிதான் கண்ணு. தெரிஞ்சேதான் பண்ணேன்" என்றார்.

"அடுத்த வருஷம்?"

"கோரஸ்தான், பின்வரிசை. வேற எங்க விடுவான்?" முகம் மட்டும் சிவந்து மலர்ந்திருந்தது. "ஒருத்தர்கூட சிரிக்கல, கவனிச்சியா?"