ஆனி மேரி பூசிய சுவர்கள்

ஐஸ் பெட்டியின் வயர் பிளக்குக்கு எட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவந்து செருகிவிட்டு ஜான் பீட்டர் நிமிர்ந்தபோது, உபதேசியார் யூஜின் பங்குக் கோயில் பதிவேட்டோடு பந்தலுக்குள் வந்துகொண்டிருந்தார். அடக்கம் நாலு மணிக்கு.

பெட்டிக்குள் ஆனி மேரி கல்யாணப் புடவையில் படுத்திருந்தாள். மூன்று நாளைக்கு முன் காலையில் துணி துவைக்கும்போது சாய்ந்தவள்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள் பெரியாஸ்பத்திரியில். முப்பத்தாறு வயது. தலைமாட்டில் மகள் கிறிஸ்டினா உட்கார்ந்திருந்தாள். ஐந்தாவது படிக்கிறாள். இந்த மூன்று நாளில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மணிவண்ணன் மேஸ்திரி ரோஜா மாலை வைத்துவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பத்து வருடமாக வேலை கொடுப்பவர். "பூச்சுன்னா நம்ம பீட்டருதான்" என்று வில்லியனூர் சுற்றுவட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் பீட்டர் தரையைப் பார்ப்பான். நான்கு வருடத்துக்கு முன் சாரத்திலிருந்து விழுந்ததில் அவன் வலது தோள் போய்விட்டது. கை மார்புக்கு மேல் ஏறாது; மேஸ்திரியிடம் அதை மறைத்துவிட்டார்கள். எட்டு வருடம் அவனுக்குச் சித்தாளாகக் கலவை சுமந்த ஆனி மேரி, அதன்பிறகு பூச்சுக் கரண்டியை எடுத்தாள். பார்த்துப் பார்த்தே கை பழகியிருந்தது. அவன் கலவை போட்டான், அவள் பூசினாள். தெருமுனையில் மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டதும் கரண்டியை அவன் கையில் திணித்துவிட்டுக் கலவைச் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொள்வாள்.

லீவு நாட்களில் கிறிஸ்டினாவும் வந்து மணல்மேட்டில் உட்கார்ந்திருப்பாள். சத்தம் அவள் காதில்தான் முதலில் விழும்.

"அம்மா, வண்டி வருது!"

அப்போது அவளுக்கு ஆறு வயது. ஒருநாள் சோறு தின்றுகொண்டே கேட்டாள்: "நா பெரியவளாயி கொத்தனாரா ஆனாலும், யாராச்சும் வந்தா கரண்டிய அப்பாவாண்ட குடுத்துடணுமாம்மா?"

ஆனி மேரி சிரித்துவிட்டாள். "கொத்தனாருன்னா ஆம்பளைங்கதான்டி. நான் சும்மா அப்பாவுக்கு ஒத்தாச."

பீட்டர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகள் பிறகு கேட்கவே இல்லை. பெற்றோர் என்ன வேலை செய்கிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் எழுதச் சொன்னபோது, யாரையும் கேட்காமல் அவளே எழுதிக்கொண்டு போனாள்: அப்பா கொத்தனார், அம்மா சித்தாள்.

யூஜின் பதிவேட்டைத் தொடைமேல் விரித்தார். "பேரு, வயசு எழுதிட்டேன். தொழிலு இன்னா போடட்டும் பீட்டரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் கிறிஸ்டினா சொன்னாள். "சித்தாளு."

பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். சொல்வதற்கு முன் மேஸ்திரியைப் பார்த்தாள். சொன்னபிறகு அப்பாவைப் பார்த்தாள், சரியாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோல. யூஜின் எழுதினார்.

"அத அடிச்சிடுங்க உபதேசியாரே," என்றான் பீட்டர். "கொத்தனாருன்னு போடுங்க."

"உன் வேலய கேக்கலப்பா."

"அவ வேலயத்தான் சொல்றேன்."

"இன்னாடா பேசற?" என்றார் மேஸ்திரி.

"நாலு வருசமா கை தூக்க வரல மேஸ்திரி. பூச்சு பூரா அவதான்."

மேஸ்திரி பெட்டியைப் பார்த்தபடி கேட்டார்.

"சேதராப்பட்டு கம்பெனி காம்பவுண்டு பூசினது?"

பீட்டர் மகளைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா," என்றாள் கிறிஸ்டினா.

"பாகூர் மாடி வூட்டு சீலிங்கு?"

"அம்மா. கழுத்து வலிக்குதுன்னு ராவு பூரா சுடுதண்ணி ஒத்தடம் குடுத்தோம்."

"பண்டசோழநல்லூரு பள்ளிக்கூட வராண்டா?"

"அதுவும் அம்மாதான். அப்பா கலவ போட்டுச்சி. நா... நா வண்டி வருதான்னு பாத்தேன்."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. பெட்டியின் கண்ணாடிமேல் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பெண்கள் ஓடிவந்து அணைத்துக்கொண்டார்கள். யூஜின் எழுதியதை ஒரு கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் மாற்றி எழுதினார்.

"நாலு வருசமா ஏமாத்திக்கினு இருந்திருக்கீங்க," என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு மேஸ்திரி எழுந்தார். போய்விடுவார் என்றுதான் பீட்டர் நினைத்தான். போகவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். கல்லறைத் தோட்டம்வரை எல்லோருக்கும் பின்னால் நடந்து வந்தார். ஒரு பிடி மண் போட்டார். கூட்டம் கலைந்தபிறகு பீட்டரிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அடுத்த வாரம் வா. பூச்சுக்கு வேற ஆளு பாத்துக்கறேன். கலவ போட வரதுன்னா வா."

"சித்தாளாவா?"

"வேற இன்னா?"

பீட்டர் தலையாட்டினான். பக்கத்தில் நின்ற கிறிஸ்டினா இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

பொழுது சாய எதிர்வீட்டுச் செங்கமலம் சோறும் ரசமும் கொண்டுவந்தாள். கிறிஸ்டினா இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவி வந்தவள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். அவள் கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. பீட்டர் அதை மெல்ல எடுத்தான். எங்கே போடுவதென்று தெரியாமல், இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.