ஏழாம் தீர்மானம்

அரிகிருஷ்ணன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் விஷக்காய்ச்சல் கண்டு செத்துப்போன பிறகும், சேலையூரில் தன் வீட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து சமையலைக் குறை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். மனைவி கிளியம்மாள் தினமும் காலையில் குழம்புக் கிண்ணத்தைக் கிணற்றுச் சுவரில் வைப்பாள். "உப்பு கம்மியா கீது" என்று கீழேயிருந்து குரல் வரும். "செத்தும் கொழுப்பு அடங்கல பாரு" என்பாள். உயிரோடிருந்தபோது அவர்கள் இவ்வளவு பேசியதில்லை.

அறுபத்தெட்டுக் கோடையில் பக்கத்துக் காலனியின் நாற்பத்திரண்டு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆழ்குழாய் இறக்கி மோட்டார் வைக்கக் காலனிச் சங்கம் முடிவெடுத்தது. வைத்தால் கிளியம்மாள் கிணறு வற்றும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சங்கத் தலைவர் தேவானந்தம் கல்லூரியில் அறவியல் நடத்துபவர். தெரிந்திருப்பது வேறு, நோக்கம் வேறு என்று முக்கால் மணி நேரம் விளக்கினார். 'மேற்படி கிணறு வற்றுவது இச்சங்கத்தின் நோக்கமன்று' என்று மினிட்ஸ் புத்தகத்தில் ஏழாம் தீர்மானம் ஏறியது. அதை அவரே போய்க் கிளியம்மாளிடம் படித்துக்காட்டினார், இங்கிலீஷில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை.

"வத்திப் பூடும்னு தெரியும் இல்ல, சார்?"

"தெரியும்மா. ஆனா எங்க இன்டென்ஷன் அது இல்ல."

"அத்தக் கிணத்தாண்ட சொல்லிட்டுப் போங்க."

மரியாதை தெரிந்த மனிதர், குனிந்து கிணற்றுக்கும் படித்தார். "இன்னாவாம்?" என்று கேட்டது குரல். கிளியம்மாள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காலனியில் தண்ணீர் கொட்டியது. குரல் இறங்கி இறங்கி முணுமுணுப்பாகி, பொங்கலுக்கு முந்தின வாரம் நின்றது. அதன் பிறகும் அவள் கிண்ணத்தை வைத்துவிட்டு வெயில் ஏறும்வரை நிற்பாள்.

எழுபதில் அரிகிருஷ்ணன் காலனிக் குழாய்களில் வர ஆரம்பித்தார். முழுசாக அல்ல, குழாய் பிரிந்த இடமெல்லாம் அவரும் பிரிந்துபோயிருந்தார். வீட்டுக்கு ஒரு சொல். மூன்றாம் நம்பரில் 'புளி', முப்பதில் 'ஜாஸ்தி'. கிளியம்மாள் விடிந்ததும் புறப்பட்டு வீடு வீடாகக் குழாயடியில் நின்று பொறுக்குவாள். ஒரு வாக்கியம் தேறப் பத்து மணியாகும். காலனிக்காரர்கள் முதலில் நெளிந்தார்கள், பிறகு அவளுக்காகக் கொல்லைக் கதவைத் திறந்தே வைத்தார்கள்.

தலைவர் வீட்டுக் குழாயில் மட்டும் 'கிளியம்மா' என்று வந்தது. வாழ்ந்த காலத்திலும் சரி, கிணற்றிலிருந்த காலத்திலும் சரி, அரிகிருஷ்ணன் ஒருநாளும் சொல்லாத பெயர். அவள் அங்கே கடைசியாகத்தான் வருவாள். தேவானந்தம் கல்லூரிக்கு லேட்டானாலும் தானே குழாயைத் திறந்துவிட்டுப் பக்கத்தில் நிற்பார். வாளி நிரம்பி வழியும்.

"மூடுங்க சார், தண்ணி வீணாப் பூடுது" என்பாள், நகராமல்.

ஒருநாளும் அவர் மூடியதில்லை.