வாயில் நுழையாத கெளுத்தி

சலூன்காரருக்கு அந்த வாரம் முழுவதும் யாரையும் நம்ப முடியவில்லை.

கடையில் இரண்டு நாற்காலிகள். ஒன்று அவருடையது. மற்றதன் பின்னால் மூன்று மாதமாக அவர் மனைவியின் தம்பி நின்றான். வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள் என்று வந்து அவர் வீட்டிலேயே தங்கியிருந்தவன். கை சுத்தம், பேச்சு குறைவு. அந்தக் குறைந்த பேச்சுதான் சலூன்காரரை உறுத்தியது. முடி வெட்டுகிறவன் வாய் திறக்காமல் இருந்தால் மனதில் எதையோ வைத்திருக்கிறான் என்று அவருக்குத் தோன்றும். போதாக்குறைக்கு, அவர் நாற்காலி காலியாக இருக்கும்போதே சில பழைய வாடிக்கையாளர்கள், "பரவால்ல, தம்பி முடிக்கட்டும்" என்று பேப்பரை விரித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

கண்ணாடிக்கு எதிர்ச் சுவரோரம் நாலடி மீன் தொட்டி. உள்ளே ஒரே மீன். சிக்லிட் என்ற வளர்ப்பு மீன் இனத்தில் பெரியது, முரடு. முக்கால் அடி நீளம், நெற்றியில் புடைப்பு. உள்ளே வருகிறவர்களை மேலும் கீழும் பார்க்கும் என்பதால் எல்லாரும் அதை மேனேஜர் என்றார்கள். மச்சினனுக்கு முதல் நாளே உத்தரவு போட்டிருந்தார். "மாப்ள, கடையில எத வேணா தொடு. தொட்டிய மட்டும் தொடாத."

மேனேஜர் இறைத்துச் சாப்பிடும். மிச்சம் அடியில் அழுகி நாறியது. அதைப் பொறுக்கித் தின்னக் கெளுத்தி வாங்கலாமென்று திங்கட்கிழமை மீன் கடைக்குப் போனார்.

"கெளுத்தி விடலாம்ணே," என்றாள் கடைக்காரி. "ஆனா உங்க மீனோட வாயில நுழையாத சைஸா இருக்கணும். உடம்பு ஓடு மாதிரி கெட்டியா இருந்தா இன்னும் நல்லது. இந்தப் பொடிசுங்க வேணாம்."

விலை கூடியதைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தார். விரல் நீளத்தில் நாலு வாங்கிவந்து தொட்டியில் விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்றுதான் இருந்தன. கல்லுக்கடியில் ஒளிந்திருக்கும் என்று விட்டுவிட்டார். காலையில் கடையைத் திறப்பது மச்சினன். புதன்கிழமை அவர் கடைக்கு வந்தபோது இரண்டு. தொட்டியைச் சுற்றித் தரை ஈரம். மேனேஜரின் உதட்டோரம் கிழிந்திருந்தது. மச்சினனின் இடது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.

"என்னாச்சு மாப்ள?"

"கத்தி பட்டுடுச்சு மாமா."

பதினைந்து வயதிலிருந்து கத்தி பிடிக்கிறவன். அதுவுமில்லாமல் விரல் புடைத்திருந்தது. கத்தி பட்டால் விரல் வெட்டுப்படும், இப்படிப் புடைக்குமா? சலூன்காரர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கடையைப் பூட்டுமுன், தொட்டி மூடிக்கும் கண்ணாடி விளிம்புக்கும் குறுக்கே ஒரு நீள முடியைச் சோப்பு தொட்டு ஒட்டிவைத்தார்.

வியாழக்கிழமை அவர் வந்தபோது முடியைக் காணோம். கெளுத்தி ஒன்றுகூட இல்லை. மேனேஜர் மட்டும் தொட்டியின் நடுவில் நின்று அவரைப் பார்த்தது. மச்சினன் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் முகத்தில் நுரை தடவிக்கொண்டிருந்தான்.

"எங்க கொண்டு போய் வித்த?"

"மாமா, நான் சொல்றேன்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். இன்னைக்கு மீன் போச்சு. நாளைக்கு என்ன போகும்?"

வாத்தியார் பாதி நுரையோடு கண்ணாடிக்குள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மச்சினன் பிரஷ்ஷைக் கழுவினான், துடைத்து வைத்தான். ஏப்ரனைக் கழற்றி மடித்து நாற்காலிக் கைப்பிடியில் போட்டான். படியிறங்கிப் போய்விட்டான்.

வாத்தியாரை முடித்து அனுப்பியதும் சலூன்காரர் நேரே மீன் கடைக்கு விரைந்தார். விற்றிருந்தால் இங்கேதான் விற்றிருப்பான்.

"அவரு விக்கலண்ணே, இதுங்களாவது பொழைக்கட்டும்னு இன்னைக்குக் காலையில விட்டுட்டுப் போனாரு," என்று மூலைத் தொட்டியைக் காட்டினாள் கடைக்காரி. இரண்டு பொடிக் கெளுத்திகள் மணலைக் கிளறிக்கொண்டிருந்தன. "நேத்து காலையில உங்க பெரிய மீன் ஒண்ண முழுங்கப் பாத்து, அது தொண்டையில மாட்டிக்கிச்சு. கெளுத்தி பயந்தா முள்ள விரிச்சுக்கும். உள்ளயும் போகாது, வெளியவும் வராது. கவர்ல இருந்த நம்பரப் பாத்து எனக்குப் போன் பண்ணாரு. ஈரத்துண்டுல மீனைப் பிடிச்சு, முள்ள நகவெட்டியால வெட்டி, இடுக்கியால இழுக்கச் சொன்னேன். அந்த முள்ளு அவரு விரல்லயும் ஏறிடுச்சு. இல்லன்னா உங்க மீன் நேத்தே செத்திருக்கும்."

சலூன்காரருக்கு அப்போதும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. "என்கிட்ட ஏன் சொல்லல?"

"தொட்டியத் தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களாமே?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று.

வீட்டில் மனைவி கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் தம்பி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

"மாப்ள, தப்பு என்னோடதுதான்," என்றார் கடைசியில். "அந்தம்மா சொன்னதையும் கேக்கல, உன்னையும் பேச விடல. கூட வந்து ஒரு நல்ல கெளுத்தியாப் பாத்துக் குடு. எனக்குத் தெரியல."

அவன் கடைசிச் சட்டையையும் மடித்துப் பையில் வைத்தான். பிறகு அக்கா முகத்துக்காகவோ என்னவோ, செருப்பை மாட்டினான்.

மீன் கடையில் கடைக்காரி முதலில் தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த பெரிய உறிஞ்சும் கெளுத்தியைக் காட்டினாள். "இது கெட்டிதான். ஆனா பசிச்சா சில சமயம் பெரிய மீன் விலாவுலயே ஒட்டி வழுவழுப்ப உறிஞ்சிடும்." அவன் வேண்டாம் என்றான். அடுத்தது கறுப்பில் வெள்ளைக் கோடு போட்டது. ஒரு சாண் நீளம், விலாவெல்லாம் எலும்புத் தகடு. வலையில் முள் சிக்கிவிடும் என்று மக்கில் மொண்டு எடுத்தாள். அது கறகறவென்று பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது.

"இது," என்றான் அவன்.

சலூனுக்குத் திரும்பியதும் அவனே தொட்டியில் விட்டான், ஒளிய அகலமான குழாய்த் துண்டும் வைத்தான். மேனேஜர் பாய்ந்து வந்து மோதியது. தகட்டில் இடித்துக்கொண்டு பின்வாங்கியது. மறுபடி மோதியது. கெளுத்தி அவசரப்படாமல் குழாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மச்சினன் கையைத் துடைத்தான்.

"மாசக் கடைசி வரைக்கும் வரேன் மாமா. அப்புறம் எனக்குன்னு ஒரு கடை பாத்துக்கிறேன்."

எந்தத் தெருவில் என்று கேட்கச் சலூன்காரருக்கு வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து மச்சினனிடம் நீட்டி, காத்திருந்த ஆளை அவன் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.