நாற்பத்து நான்கு வரிசை

அணை உடைந்து வெள்ளம் கொண்டுபோனவர்களுக்காக ஒரு கல்சுவர் எழுப்பினார்கள். எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் என்று வரைந்து கொடுப்பது அக்காவின் வேலை. கல்பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பட்டியலில் இரண்டாயிரத்து இருபத்தொரு பேர். நாற்பத்து மூன்று வரிசை, வரிசைக்கு நாற்பத்தேழு. ஒரு கட்டம்கூட மிச்சமில்லை.

அவளுடைய தம்பி அந்தப் பட்டியலில் இல்லை. உடல் கிடைக்காதவர்களுக்கு வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அவள் போடவில்லை. "அவன் காணாமப் போனவன், செத்தவன் இல்ல" என்று இரண்டு வருடமாக ஒரே பாட்டு. அவன் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. வாரம் ஒருமுறை துவைத்து மாட்டுவாள்.

கல் வெட்டத் தொடங்குவதற்கு முந்தின நாள் ஒரு பெண் வந்தாள். கணவன் பெயரும், பிறந்து பத்தொன்பது நாளே ஆன மகள் பெயரும் விட்டுப்போயிருந்தன. அவள் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் எழுதிக் கொடுக்க ஆளில்லை. இறப்புச் சான்றிதழ் இரண்டும் கையில் வைத்திருந்தாள்.

மேஸ்திரிக்கு முழக்கோல் என்று பட்டப்பெயர். ஆளும் அப்படி, பேச்சும் அப்படி. "வரிசை சமமா இருக்கணும், சுவரு சதுரம் மாதிரி நிக்கணும். வெறுங்கட்டம் விடவே கூடாதுன்னு கமிட்டி சொல்லியிருக்கு. விட்டா, உயிரோட இருக்கிற யாருக்கோ குழி வெட்டி வெச்ச மாதிரி இருக்குமாம். பொருந்தினா வெட்டறேன்மா. இல்லைன்னா என்னால முடியாது."

அக்கா பென்சிலை எடுத்தாள். இரண்டாயிரத்து இருபத்து மூன்று. இரண்டு, மூன்று, ஐந்து எல்லாம் கைவிரித்தன. ஏழு வரிசை என்றால் வரிசைக்கு இருநூற்று எண்பத்தொன்பது. பதினேழு வரிசை என்றால் நூற்றுப் பத்தொன்பது. சுவரா அது, ரயிலா? அந்த எண்ணுக்கு வேறு வழியே இல்லை.

பென்சில் சும்மா இருக்காமல் அடுத்த எண்ணுக்குப் போயிற்று. இரண்டாயிரத்து இருபத்து நான்கு. நாற்பத்து நான்கு வரிசை, வரிசைக்கு நாற்பத்தாறு. கச்சிதம். இன்னும் ஒரே ஒரு பெயர் வேண்டும்.

அவளுக்கு எண்ணின் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இல்லாத ஆள் ஒருவன் பெயரைப் பொய்யாகச் சேர்த்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். வராதவனைச் சாகடிக்க மனசில்லாமல், பிறக்காதவனைச் சாகடிப்பதா?

அந்தப் பெண் ஒரு சீட்டை நீட்டினாள். "பாப்பா பேர எழுதியிருக்கேன்க்கா. தப்பு வந்துடக் கூடாது. அவளப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்க நாங்க ரெண்டே பேர். இப்ப நான் மட்டும்தான்."

அக்கா சீட்டை வாங்கி, பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு மேஜையின் கீழ் இழுப்பறையிலிருந்து மடித்த படிவத்தை எடுத்தாள். இரண்டு வருடமாக அது அங்கேயேதான் கிடந்தது. கையெழுத்துப் போட்டாள். அலுவலகத்துக்கு நடந்துபோய் முத்திரை வாங்கி வந்தாள். புதுக் கட்டங்கள் வரைந்து முடிக்கும்போது பொழுது சாய்ந்திருந்தது.

முழக்கோல் தாளைப் பார்த்தார். "மூணு பேர் கூடியிருக்காங்களே. இது யாரு?"

"என் தம்பி."

அவர் அன்றைக்கு அளந்து பார்க்கவில்லை. தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து சட்டையை ஆணியிலிருந்து எடுத்தாள். துவைத்த சட்டைதான். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவனுக்காக அழுதாள்.