வருத்தம்: குறைந்தது இருநூறு கிராம்

2019 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, காலை 10.17. தூறல், அலுவலகத்தின் உள்ளே மட்டும். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வந்த தயாளன் குடையை விரித்தபடி வரிசையில் நின்றான்.

விதி எளியது. ஆணோடு முதன்முதலில் கூடியதற்கான வருத்தத்தை அவரவர் தராசில் வைக்க வேண்டும். குறைந்தது இருநூறு கிராம். அதன்பிறகே ஊசி. தயாளனுக்கு ஆறு வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. அது என்னவென்று இன்றே தெரிந்தாக வேண்டும்.

மருத்துவ அலுவலர் சகாயமேரி சொன்னபடி உள்ளங்கையைத் தட்டில் வைத்தான். முள் அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லையே சார்."

"இல்லதான் மேடம்."

பின்னால் நின்ற பெரியவர் தன்னிடம் வருத்தம் மிச்சம் இருப்பதாகச் சொல்லிப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"எல்லாரும் இப்படித்தான் தம்பி. சும்மா வச்சிட்டு எடுத்துக்கோங்க."

தயாளன் நன்றி சொல்லி மறுத்தான். மறுத்ததும் நடைவழி இருபது அடி நீண்டது. பெரியவர் அதன் கடைசியில் சின்னதாகத் தெரிந்தார்.

மறுப்பவருக்குச் சாட்சி தேவை. எனவே, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அறையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அன்று தயாளனுக்கு வயது இருபத்திரண்டு. அவன் முதன்முதலில் கூடிய ரஞ்சனுக்கு இருபத்து நான்கு. மின்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. ரஞ்சன் கட்டிலில் அமர்ந்து போர்வையை மடித்தபடி தயாளனிடம் கேட்டான்.

"சாப்டியாடா?"

"இனிமேதான்."

அறையையும் நிறுத்தார்கள். முள் அசையவில்லை.

அன்று ஆணுறை இருந்ததா என்று சகாயமேரி அறையிடம் விசாரித்தார். இல்லை என்றது அறை. அப்படியானால் வருத்தம் இருந்தே தீர வேண்டும் என்று அவர் வாதிட்டார்.

தயாளன் குடையை மடக்கினான்.

"எங்களுக்குத் தெரியாது மேடம். காலேஜ்ல ஒரு டாக்டரம்மா வந்து ரெண்டு மணி நேரம் பேசினாங்க. எல்லாம் ஆம்பள பொம்பளைக்குத்தான். ரெண்டு ஆம்பளைன்னா என்ன செய்யணும்னு ஒருத்தன் எழுந்து கேட்டான். அப்படி யாரும் இங்க கிடையாதுன்னு உக்கார வச்சிட்டாங்க. எனக்கு ரஞ்சனைப் பிடிச்சுது. அதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன். சொல்லாம விட்டவங்களைக் கூப்பிட்டு நிறுங்க."

எந்தக் கல்லூரி, எந்த ஆண்டு என்று அவர் கேட்டார். தயாளன் சொன்னான்.

சகாயமேரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்த டாக்டர் நான்தான்."

அவர் தன் கையைத் தட்டில் வைத்தார். முள் இருநூறைத் தாண்டியது. எண்கள் தீர்ந்த இடத்தில் போய் நின்றது.

பிறகு ஆணையை எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, கையெழுத்திட்டு, எழுந்து நின்று கொடுத்தார்.

'விண்ணப்பதாரரிடம் வருத்தம் இல்லை. வேண்டிய எடையை அலுவலகம் வைத்துவிட்டது. ரத்தம் உடனே எடுக்கப்படும்.'