கொத்தில் இல்லாத சாவி

லின்ட்சே ட்ரெம்பாத்துக்கு இடது தோளில் அறுவை நடந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வாயைக் கட்டத்தான் மறந்துவிட்டார்கள் என்று அவன் மனைவி கிளெனிஸ் நினைத்துக்கொண்டாள்.

அவள் இருந்த கோலம் அப்படி. தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே, கால்கள் திறந்த கதவுக்கு வெளியே, பல்லிடுக்கில் டார்ச். மேவிஸ் என்று அவர்கள் பெயர் வைத்திருந்த அந்த 1971-ஆம் வருடத்துப் பச்சைக் கார், சாவியைத் திருப்பினால் ஒரு நாள் கிளம்பும், ஒரு நாள் கல்லாக நிற்கும். சாவித் துளைக்குப் பின்னால், ஸ்டீயரிங் தண்டோடு ஒட்டியிருந்த சுவிட்ச் தேய்ந்துபோயிருந்தது. அடிலெய்டிலிருந்து புதுசு வந்து சேரவே சனிக்கிழமை காலை ஆகிவிட்டது. மறுநாள் ஊர்த் திருவிழாவின் பழைய கார் ஊர்வலம்.

அவர்கள் ஊரான மூன்ட்டாவின் அந்த ஊர்வலத்தில் முப்பத்திரண்டு வருடமாக லின்ட்சே ஓட்டுவான், கிளெனிஸ் பக்கத்தில் தொப்பி போட்டுக்கொண்டு கையாட்டுவாள். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் அவள். மேவிஸை மட்டும் ஓட்டியதில்லை. கேட்டால், "ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கிளென். உனக்குப் பழக்கமில்ல" என்பான். இந்த வருடம் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் அந்தக் கியரை மாற்ற அவனுக்கு இடது கை இல்லை. "யாரு கிளப்புறாங்களோ அவங்களே ஓட்டட்டும்" என்று போன வாரம் சொல்லியிருந்தான், பக்கத்து வீட்டு மெர்வை மனதில் வைத்து. மெர்வ் சிரித்தான். கிளெனிஸ் ஸ்க்ரூ டிரைவர் தேடப் போய்விட்டாள். ஒரே ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

"பேட்டரி வயரக் கழட்டுனியா?" லின்ட்சே நாற்காலியிலிருந்து கேட்டான்.

"காலைலேருந்து மூணு தடவ கேட்டுட்ட."

"நாலாவது தடவையும் கேப்பேன். பொகஞ்சா உன் முடிதான் போகும்."

தண்டின் மேல்மூடியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்று ஸ்டீயரிங் கம்பிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஸ்டீயரிங்கோ பூட்டிக் கிடந்தது. லின்ட்சே சொன்னபடி சாவியை ஒரு படி திருப்பினாள். ஸ்டீயரிங் விடுபட்டுச் சுழன்றது, ஸ்க்ரூ கைக்கு வந்தது. அப்புறம் சுவிட்சைப் பிடித்திருந்த இரண்டு பொடி ஸ்க்ரூக்கள். அதில் ஒன்று விரலிலிருந்து நழுவிக் கம்பளத்துக்குள் போய், கால் மணி நேரம் அவளை மண்டியிட வைத்தது.

பழைய சுவிட்சை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பித்தளை ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

"வயசாச்சுல்ல" என்றான் லின்ட்சே.

"வயசுன்னா ரெண்டு பக்கமும் தேயும். இத எதுவோ கீழ இழுத்துட்டே இருந்திருக்கு."

இருவரும் சாவியைப் பார்த்தார்கள். அதன் கீழே லின்ட்சேயின் கொத்து தொங்கியது. கொட்டகைச் சாவி, தண்ணீர்த் தொட்டிச் சாவி, கிரிக்கெட் கிளப் சாவிகள் நாலு, பியர் மூடி திறப்பான், விற்றுப் பதினோரு வருடமான படகின் சாவி. லின்ட்சே தேநீரைக் கவனமாகக் குடித்தான்.

புது சுவிட்சை முடுக்கி, பேட்டரியை இணைத்து, கிளெனிஸ் சாவியைத் திருப்பினாள். ஒன்றுமில்லை. கடைசிவரை திருப்பினால் மட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது, விட்டால் அணைந்தது. இன்ஜின் முனகக்கூட இல்லை.

"கெட்டுப்போனத அனுப்பியிருக்கானுங்க" என்றான் லின்ட்சே. "மெர்வக் கூப்பிடு. அவன் வயர நேரா இணைச்சுக் கிளப்பிருவான்."

மெர்வ் கிளப்பினால் மெர்வ் ஓட்டுவான். கிளெனிஸ் மறுபடி தொப்பி போட்டுக் கையாட்டுவாள். தொப்பி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

"மணி என்ன?" என்றாள், வேறு எதையாவது பேச.

லின்ட்சே ஜன்னல் வழியாகச் சமையலறைக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தான். "பன்னெண்டு."

"பதினொண்ணு. ஏப்ரல்லயே ஊரெல்லாம் கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால வச்சாச்சு. அத மாத்துறேன் மாத்துறேன்னு நீயும் சொல்லிட்டே..." பாதியில் நிறுத்தினாள். "லின்ட்ஸ், சுவிட்சு கெட்டுப்போகல. நம்ம கடிகாரம் மாதிரி ஒரு படி தள்ளி நிக்குது."

"எப்படி?"

"ஸ்டீயரிங்க விடுவிக்கச் சாவிய ஒரு படி திருப்புனோமே, திருப்பி வச்சோமா? புது சுவிட்சு மூடுன நெலையில வந்துச்சு. சாவி தொறந்த நெலையில இருந்துச்சு. அப்படியே மாட்டிட்டேன்."

லின்ட்சே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். "நான்தான் திருப்பச் சொன்னேன்" என்றான் கடைசியில்.

மறுபடி பேட்டரி, மறுபடி கால்கள் வெளியே. இந்தத் தடவை பொடி ஸ்க்ரூ விழவில்லை. சாவியை முழுசாகப் பின்னுக்குக் கொண்டுவந்து சுவிட்சைப் பொருத்தினாள். திருப்பினாள். மேவிஸ் இருமிவிட்டு, சுகமாக ஓட ஆரம்பித்தது. கிளெனிஸ் வண்டியை அணைத்தாள், கிளப்பினாள், அணைத்தாள், சும்மாவே இன்னொரு தடவை கிளப்பினாள். மனசு நிறைந்துவிட்டது.

பிறகு கார்ச் சாவியைக் கொத்திலிருந்து கழற்றி ஒரு துண்டு ரிப்பனில் கோத்துக்கொண்டாள். மிச்சக் கொத்தை லின்ட்சேயின் மடியில் போட்டாள்.

பழைய வண்டிகளை வெளியே எடுக்குமுன் பயணப் புத்தகத்தில் ஓட்டுபவர் பெயரை எழுதியாக வேண்டும். ஞாயிறு காலை லின்ட்சே அதைத் தொடையில் வைத்து, வரிசையாக இருந்த தன் பெயர்களுக்குக் கீழே அவள் பெயரை நிதானமாக எழுதினான்.

ஊர்வலம் தபால் நிலையத் திருப்பத்துக்கு வந்தபோது பழைய பேருந்துப் பிள்ளைகள், இப்போது தாடி வைத்தவர்கள், கூட்டமாகக் கத்தினார்கள். லின்ட்சே கொத்தைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கைய ஆட்டு" என்றாள் கிளெனிஸ்.

"நானா?"

"பக்கத்துல உக்காந்தவங்கதான் ஆட்டணும்."

இடது கை கட்டியிருந்ததால், வலது கையைக் குறுக்கே நீட்டி, ஜன்னல் பக்கம் திரும்பி ஆட்டினான். இரண்டு தெரு தாண்டியதும் மூச்சுவாங்கியது.

"கை வலிக்குது, கிளென். இவ்வளவு நேரமா ஆட்டுவ?"

"முழு ஊர்வலத்துக்கும்."

"சொன்னதே இல்லயே."

"நீ கேட்டதே இல்லயே."

முன்னால் சாலை மெல்ல ஏறியது. கிளெனிஸ் இரண்டாவது கியரைப் போட்டாள். அது ஒரு முரண்டும் பிடிக்காமல் விழுந்தது.